விளக்குக் கடையின் வாட்ஸ்அப் விசாரிப்புகளுக்கு ஏஐ பதில் சொல்லலாமா? எடையும் விலையும் தவறாகப் போகின்றன

குடந்தை விளக்குக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் கும்பேசுவரர் கோயிலுக்கு அருகில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. தாத்தா தொடங்கிய கடை. இப்போது அப்பாவும் நானும் இரண்டு பணியாட்களுமாகப் பார்த்துக்கொள்கிறோம். பித்தளை, செம்பு, வெண்கலம் எல்லாம் விற்றாலும் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது நாச்சியார்கோயில் குத்துவிளக்குதான். விளக்கை நாங்கள் எடை போட்டுத்தான் விற்கிறோம். அன்றைய பித்தளை விலையும் பட்டறையின் செய்கூலியும் சேர்ந்ததே கிலோ விலை. ஒரே இரண்டடி விளக்கு கனமான வார்ப்பில் ஓர் எடையும் மெல்லிய வார்ப்பில் வேறோர் எடையும் நிற்கும் என்பதால், உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு விலை சொல்ல முடியாது.

நேரில் வருகிறவர்களால் எங்களுக்குத் தொல்லை ஏதும் இல்லை. சிக்கலெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். கார்த்திகை மாதத்திலும், ஆவணி, தை முகூர்த்தங்களை ஒட்டியும் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது விசாரிப்புகள் வருகின்றன. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் நாங்கள் எழுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் நாங்கள் படுத்த பிறகு கேட்கிறார்கள். பாதிப் பேர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், மீதியில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். காலையில் கடை திறந்து, சாம்பிராணி போட்டு, ஒவ்வொன்றாகப் பதில் எழுதி முடிப்பதற்குள் பாதிப் பேர் வேறு கடையில் வாங்கிவிடுகிறார்கள்.

இதனால் என் அக்கா மகன் ஓர் ஏஐ செயலியை எங்கள் வாட்ஸ்அப் எண்ணோடு இணைத்துத் தந்தான். முதல் பத்து நாட்கள் எங்களுக்கே வியப்பாக இருந்தது. ஆங்கில எழுத்தில் வந்த தமிழைப் புரிந்துகொண்டு, கேட்டவரின் மொழியிலேயே மரியாதையாகப் பதில் எழுதியது. பதினோராம் நாள் மலேசியாவிலிருந்து ஓர் அம்மையார் மூன்றடி உயர ஐந்துமுக விளக்கின் எடையைக் கேட்டிருக்கிறார். 6 கிலோ 200 கிராம் என்று சொல்லி, அதற்கு ஒரு விலையும் போட்டு இரவு இரண்டு மணிக்குச் செயலி பதில் அனுப்பிவிட்டது. கடையில் இருந்த விளக்கைத் தராசில் வைத்தால் 11 கிலோ 400 கிராம். கிராம் வரைக்கும் சொன்னதால்தான் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். தராசுப் படத்தை அனுப்பி விளக்கினேன், அவர் ஏற்கவில்லை. கடை பெயரில் போன சொல் போனதுதான் என்று அப்பா அந்த விலைக்கே கொடுக்கச் சொல்லிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தச் செயலி விளக்கைத் தூக்கிப் பார்த்ததா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அன்றிரவே இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. 2028-இல் மகாமகம் வருகிறது. 2016 மகாமகத்தின்போது கடையில் நிற்க இடமில்லாமல் இருந்தது. அடுத்த முறை அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி கைப்பேசி வழியாகவும் வரும். எங்களைப் போன்ற சிறுகடைகள் இந்தக் கருவிகளை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மன்னை உரக்கடை எழுதியது:

வணக்கம் ஐயா. மன்னார்குடியில் விதை, உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். எடை தவறினால் உங்களுக்குப் பணம்தான் போகும். எங்கள் தொழிலில் அளவு தவறினால் ஒருவருடைய சம்பா போய்விடும். ஆகவே நான் இதைச் சற்றுப் பயத்தோடுதான் தொட்டேன். அந்தப் பயமே என்னைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம்.

வாடிக்கையாளர்களிடம் விடுவதற்கு முன்பு ஒரு வாரம் நானே விவசாயியாக நடித்து அதனிடம் கேள்வி கேட்டுப் பார்த்தேன். "மூன்று மாவுக்கு யூரியா எத்தனை மூட்டை?" என்று கேட்டேன். அரிசி மாவு, கோதுமை மாவு என்று எதையோ புரிந்துகொண்டு, உணவுப் பொருளில் யூரியா கலக்கக் கூடாது என்று எனக்கே அறிவுரை சொன்னது. நம் பக்கத்தில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. ஏக்கர் என்று மாற்றிக் கேட்டபோது கணக்குப் போட்டது. ஆனால் மூட்டையை 50 கிலோ என்று எடுத்துக்கொண்டது. யூரியா மூட்டை 2018-லேயே 45 கிலோவாகிவிட்டது. அதற்கு முன்பு எழுதப்பட்ட கையேடுகளும் கட்டுரைகளும் இணையத்தில் மலைபோலக் கிடப்பதால் அது பழைய மூட்டையையே பிடித்துக்கொண்டிருந்தது. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால், 50 கிலோ மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருந்தது. 45 கிலோ மூட்டையில் இருப்பது 20 கிலோ 700 கிராம்தான். பத்து மூட்டை வாங்குகிறவருக்கு இது ஒரு மூட்டைக்கு மேல் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சி.ஆர். 1009 நெல்லை எங்கள் ஊரில் பொன்மணி என்பார்கள், சாவித்திரி என்றும் சொல்வார்கள். மூன்று பெயரும் ஒரே நெல் என்று எனக்குத் தெரியும், என் கடைப் பையனுக்கும் தெரியும். கருவியோ மூன்றையும் மூன்று ரகமாகப் பிரித்து, மூன்றுக்கும் வயதும் விளைச்சலும் வெவ்வேறாக எழுதித் தந்தது. ஒரு தயக்கமும் இல்லாமல் எழுதியது என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அதற்குக் குறைவு. அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்து எழுதுவதே அதன் வேலை. உங்கள் கடைப் பேரேட்டைத் திறந்து பார்த்துச் சொல்வது அதன் இயல்பான வேலை அன்று. உங்கள் 6 கிலோ 200 கிராமும் இப்படிப் பிறந்ததுதான்.

நான் அதைத் தூக்கி எறியவில்லை. எங்கள் கடையில் இருக்கும் பொருள், மூட்டை எடை, இன்றைய விலை, இருப்பு ஆகியவற்றை ஒரே அட்டவணையாகத் தட்டச்சு செய்தேன். மா, குழி, வேலி என்ற அளவுகளையும் நெல் ரகங்களின் மாற்றுப் பெயர்களையும் அதன் தலைப்பில் எழுதினேன். "இந்த அட்டவணையில் உள்ளதை மட்டும் சொல். இல்லாததைக் கேட்டால், கடையில் கேட்டுச் சொல்கிறோம் என்று மட்டும் எழுது. பூச்சிமருந்தின் அளவை ஒருபோதும் சொல்லாதே" என்று தமிழிலேயே கட்டளையும் கொடுத்தேன். தவறுகள் பெருமளவு குறைந்தன, ஆனால் முழுவதும் நிற்கவில்லை. ஆகவே மருந்து பற்றிய கேள்விகள் இன்றும் என் கைப்பேசிக்குத்தான் வருகின்றன. இலைச்சுருட்டுப் புழுவா, குருத்துப் பூச்சியா என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் செயலிகள் உண்டு, நானும் பார்க்கிறேன். ஆனால் அதை வைத்து மருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. குழப்பம் என்றால் வேளாண் அலுவலரைக் கேட்கச் சொல்லிவிடுகிறேன்.

மேட்டூர் திறந்து குறுவை தொடங்கியதும் என் கடையில் வரும் கேள்விகளில் முக்கால்வாசி "இருக்கிறதா, என்ன விலை, எத்தனை மணிவரை கடை" என்பவைதான். அவற்றை அது பார்த்துக்கொள்வதால், வயலைப் பற்றிப் பேச வருகிறவரிடம் நான் உட்கார்ந்து பேச முடிகிறது.

மாயவரம் சமையல் எழுதியது:

திருமணச் சமையல் ஒப்பந்தம் எடுக்கிறவன் நான். எழுத நேரமில்லாததால் சாமான் பட்டியலைப் பேசியே பதிவு செய்கிறேன். அது எழுத்தாக்கித் தருகிறது. நல்ல உதவிதான். ஆனால் ஒரு முறை அடுப்புச் சத்தத்துக்கு நடுவில் "பந்திக்கு இருநூறு இலை" என்று சொன்னதை "பந்திக்கு இருநூறு இல்லை" என்று எழுதிவிட்டது. உதவியாள் அதைப் படித்துவிட்டு, பந்தியே இல்லை போலும் என்று இலைக்குச் சொல்லாமல் இருந்துவிட்டார். முகூர்த்த நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு வாழை இலைக்கு அலைந்தது எனக்குத்தான் தெரியும். இப்போது பட்டியலை எழுதிய பின் எனக்கே உரக்கப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அனுப்புகிறேன்.

தஞ்சைக் கணக்கர் எழுதியது:

சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மேலே இருவரும் செய்முறையைச் சொல்லிவிட்டார்கள். நான் பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

விளக்குக்கடை ஐயாவின் தந்தையார் எடுத்த முடிவு பெருந்தன்மை என்று பலரும் நினைக்கலாம். சட்டக் கண்ணோடு பார்த்தாலும் அது விவேகமான முடிவே. கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த உரையாடல் கருவி, உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்கிறவருக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொல்லிவிட்டது. பிறகு நிறுவனம் மறுத்தது. அந்தக் கருவி தன் சொல்லுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற அளவுக்கு வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டுப் பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனாலும் உங்கள் எண்ணிலிருந்து போகும் ஒவ்வொரு சொல்லையும் வாடிக்கையாளர் உங்கள் சொல்லாகவே எடுத்துக்கொள்வார் என்பதில் கனடாவுக்கும் கும்பகோணத்துக்கும் வேறுபாடு இல்லை.

அடுத்து வரி. ஏஐ கருவிகளிடம் ஜிஎஸ்டி விகிதம் கேட்டு பில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். பித்தளை, செம்புச் சமையல் பாத்திரங்களுக்கு முன்பு 12 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய தகவலைப் படித்துப் பழகிய கருவி இன்றும் 12 என்று கூசாமல் சொல்லும். இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல் என்று கட்டளையிட்டால் சில நேரம் சரியாக வரும். ஆனால் பில்லில் ஏறுவதற்கு முன்பு அரசு அறிவிப்போடு ஒத்துப்பார்ப்பது உங்கள் கடமை.

மூன்றாவது, நாம் அதிகம் அலட்சியம் செய்வது. வாடிக்கையாளர்களின் பெயர், எண், முகவரி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் எல்லாவற்றையும் அப்படியே இலவசச் செயலியில் ஒட்டி, "இதை ஒழுங்குபடுத்து" என்கிறார்கள். தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. சிறு கடை என்பதால் நம்மை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட வேண்டாம். பெயருக்குப் பதில் எண் கொடுத்து, கைப்பேசி எண்ணை நீக்கிவிட்டு ஒட்டினாலும் ஒழுங்குபடுத்தும் வேலை நடக்கும். நான் அப்படித்தான் செய்கிறேன். கூடுதலாகும் நேரம் ஐந்து நிமிடம்.

ஒரு சிறு குறிப்பு. பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் இணைப்பை எடுத்தால், அதே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் செலவு கூடும். இந்தக் கருவிகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எண்ணுகின்றன. தமிழ்ச் சொல் அதிகத் துண்டுகளாக விழுகிறது. ஒரு மாதம் குறைந்த தொகையில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குடந்தை விளக்குக்கடை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. எங்களிடம் விளக்குகளின் எடைப் பட்டியல் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது உரக்கடை ஐயாவின் பதிலைப் படித்த பிறகுதான் உறைத்தது. வாடிக்கையாளர் வந்த பிறகு தராசில் வைப்போம். அதுவரை அப்பாவின் கைதான் அளவு. தூக்கிப் பார்த்தே அரைக் கிலோ வித்தியாசத்துக்குள் சொல்லிவிடுவார். நாங்களே எழுதி வைக்காததைச் செயலி எங்கிருந்து எடுத்துச் சொல்லும்?

இன்னொரு சந்தேகம். விளக்குகளின் படங்களையும் ஏஐ கொண்டு மெருகேற்றலாமா? கடை வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள் மங்கலாக இருக்கின்றன.

திருபுவனம் பட்டு எழுதியது:

படத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அடிபட்டேன். எங்கள் ஊர்ப் பட்டுச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் விசாரிப்பு வந்துகொண்டிருக்கிறது. நானும் படங்களை அழகாக்கும் ஒரு செயலியில் போட்டேன். பின்னணியை மாற்றச் சொன்னால் சேலையையும் சேர்த்து மாற்றிவிட்டது. அரக்கு நிற உடல் குங்குமச் சிவப்பானது. கரையில் தறிக்காரர் ஏற்றிய கோபுர வரிசையில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இல்லாத ஒரு பூ முளைத்தது. வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்பி, "படத்தில் இருந்த சேலையைத் தாருங்கள்" என்றார். அந்தச் சேலை எந்தத் தறியிலும் நெய்யப்படவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

வெளிச்சத்தைக் கூட்டுவது, சாய்வைச் சரிசெய்வது, ஓரத்தை வெட்டுவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணி வெயில் நேரடியாக விழாத வாசல் திண்ணையில் வைத்து எடுத்தால் அதுவும் தேவைப்படாது. பித்தளையில் கை நிழல் விழும், நீங்கள் அணிந்திருக்கும் சட்டை நிறமும் விழும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்கள்.

மன்னை உரக்கடை எழுதியது:

இன்னொன்று விட்டுப்போயிற்று. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே ஏஐ தேவைப்படாத வசதிகள் இருக்கின்றன. 2018 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு ஐம்பது வரை விரைவுப் பதில்களைச் சேமித்து வைக்கலாம். கடை மூடிய நேரத்தில் தானாகப் போகும் செய்தியை அமைக்கலாம். கேட்லாக்கில் ஐந்நூறு பொருள் வரை படமும் விலையும் ஏற்றலாம். முதலில் இதை ஒழுங்காகச் செய்தால், ஏஐக்கு மிஞ்சுகிற வேலை எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும். எனக்கு அது பாதியாகக் குறைந்தது.

குடந்தை விளக்குக்கடை எழுதியது:

கார்த்திகை முடிந்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்தருளுங்கள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கடையை மூடிவிட்டு, இருக்கும் விளக்குகள் அனைத்தையும் தராசில் ஏற்றினோம். அப்பா ஒவ்வொன்றையும் தூக்கி முதலில் தன் கணக்கைச் சொல்வார், பிறகு நான் தராசைப் படிப்பேன். நூற்று முப்பத்தெட்டு விளக்குகளில் நான்கில் மட்டும்தான் அவர் அரைக் கிலோவுக்கு மேல் தவறினார். அந்த நான்கும் புதிய பட்டறையிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்து, அந்த வார்ப்பில் கனம் சரியில்லை என்று அவர்களிடம் பேசவும் செய்தார். ஒவ்வொரு விளக்கின் பாதத்துக்கு அடியிலும் எண் ஒட்டி, உயரம், முகம், எடை ஆகியவற்றை அட்டவணையில் ஏற்றியிருக்கிறோம். விலையை மட்டும் ஏற்றவில்லை. அதைத் தினமும் காலையில் நான் ஒரே ஓர் இடத்தில் மாற்றுகிறேன்.

இரவில் இப்போது செயலி எந்த எடையும் விலையும் சொல்வதில்லை. கடையின் தானியங்கி உதவி இது என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, என்ன உயரம், எத்தனை முகம், எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்கிறது. காலையில் அட்டவணையைப் பார்த்து வரைவுப் பதில் தயாராக இருக்கும். நான் படித்துப் பார்த்து அனுப்புகிறேன். முன்பு பதினொரு மணிவரை இழுத்த வேலை இப்போது ஒன்பதரைக்குள் முடிந்துவிடுகிறது. இந்தக் கார்த்திகையில் விலை தொடர்பாக ஒரு சண்டையும் வரவில்லை.

மொழிபெயர்ப்பில் மட்டும் ஒன்று நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஒருவர், விளக்கின் உச்சியில் இருக்கும் சோறு உலோகத்தால் செய்ததா, தினமும் நாம் வைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அனுப்பிய பதிலைத் திருப்பிப் படித்தபோதுதான் தெரிந்தது: "உச்சியில் அன்னம் வைத்த விளக்கு" என்று நான் தமிழில் எழுதியதைச் செயலி ஆங்கிலத்தில் சோறு வைத்த விளக்காக்கிவிட்டது, அவசரத்தில் நானும் சரிபார்க்காமல் அனுப்பியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன், கல்லாவில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் சிரித்தார். அன்னம் என்றால் இங்கே பறவை என்று அட்டவணையின் முதல் வரியில் எழுதிவைத்துவிட்டோம். அந்த அமெரிக்க வாடிக்கையாளருக்கு அன்னத்தை மட்டும் அருகில் வைத்து எடுத்த படத்தை அனுப்பினேன்; அவர் இரண்டு விளக்குகள் கேட்டிருக்கிறார்.